ஆல்பேட்டை சோதனைச் சாவடி

பையைத் திறங்க என்றார் காவலர்.
திறந்தேன்.
ஈரத் தினத்தாளில் சுற்றிய ஏழு கட்டு.
ஒன்றைப் பிரித்தார், முகர்ந்தார்,
புல்லா என்றார்.
தண்ணிக்குள்ள வளர்ற செடி சார் என்றேன்.
அந்தச் சொல்லை
அந்த இடத்தில் நான் உச்சரித்திருக்கக் கூடாது.

பெண் காவலரைக் கூப்பிட்டார்கள்.
பெயர்ப் பட்டையில் ஜாக்குலின்.
பையின் அடிவரை துழாவி
வெளியே எடுத்த விரலில் ஒரு நத்தை,
கடுகை விடச் சிறியது.
இது இலவசமா என்று கேட்டார்.
பஸ் மொத்தமும் சிரித்தது. நானும்தான்.

நெல்லித்தோப்பு அந்துவான் கடையில் வாங்கியவை:
கிரிப்டோ மூன்று, வாலிஸ்நேரியா இரண்டு,
பெயர் தெரியாத சிவப்புத் தண்டு ஒன்று,
நீர்ப்பிரமி ஒன்று.
பிரமி கெடிலத்துக் கரையிலேயே கிடக்கும்.
காசு கொடுத்தேன் என்று
யாரிடமும் சொல்லவில்லை.

தொட்டி இரண்டரை அடி.
அடியில் கேப்பர் மலைச் செம்மண், இரண்டு விரல்.
மேலே பெண்ணையாற்று மணல்.
முதலில் சில்வர் பீச்சில்தான் அள்ளி வந்தேன்.
ஒரு கரண்டி மணலில் வினிகர் விட்டதும்
நுரைத்துச் சீறியது.
கிளிஞ்சல் பொடி.
எத்தனை முறை அலசினாலும்
கடல் அதை விட்டுப் போகவில்லை.
திரும்பக் கொண்டுபோய்க் கொட்டினேன்,
தெருவிளக்கு அணைந்தபின்
குப்பை போடுகிறவளைப் போல.

எக்ஸ்ரே அறையில் இருபத்திரண்டு வருடம்.
வெளிச்சத்துக்கும் அளவு உண்டென்று
என் கைக்குத் தெரியும்.
ஏழு மணி நேரம் விளக்கு.
எட்டானால் கண்ணாடியில் பச்சைத் தூசு,
ஒன்பதானால்
இலை விளிம்பில் கருந்தாடி.
கரண்ட் போகும் நாளில்
விட்ட இடத்திலிருந்து கணக்கைத் தொடர்வேன்.

கரியமில வாயுவுக்குச் சர்க்கரை, ஈஸ்ட்,
இரண்டு லிட்டர் பாட்டில்,
மூடியில் ஓட்டை, அதில் சலைன் குழாய்.
மூன்றாம் நாள்
புளித்த வாடை மாடிப்படி இறங்கியது.
வீட்டுக்காரர் கோதண்டபாணி ஏறி வந்து
பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
ஏம்மா, புதுச்சேரி முக்கால் மணி நேரம்தானே
என்றார்.

அந்த ஞாயிறு பிற்பகல்
வாலிஸ்நேரியா நாடாவின் ஓரத்தில்
குமிழ் குமிழாய் ஏறியது.
அடுப்பில் குக்கர் எத்தனை விசில் அடித்ததென்று
தெரியாது.

பத்தாம் நாள்
கிரிப்டோ இலைகள் ஒவ்வொன்றாகக் கூழாயின.
இடம் மாறினால் அது அப்படித்தான்,
பிடுங்காதீங்க என்று
அந்துவான் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.
ஒன்றைப் பிடுங்கினேன்.
வேர் வெள்ளையாய், உயிரோடு,
ஒரு பிடி செம்மண்ணை இறுக்கிக்கொண்டு.
தண்ணீர் முழுக்கக் காவி கலங்கி
இரண்டு நாள் மீன்களைக் காணோம்.
பிடுங்கியது பிழைக்கவில்லை.

ஐப்பசி மழை பிடித்த வாரம்
எக்ஸ்ரே வரிசையில் ஜாக்குலின்,
சீருடை இல்லாமல்,
இடது மணிக்கட்டைத் தாங்கியபடி.
கையை இப்படி வையுங்க, ஆடாதீங்க.
ஆடாமலே கேட்டார்:
அந்தப் புல்லு பொழச்சுதாக்கா?
படத்தில் மயிரிழை விரிசல்.
ரெண்டுல ஆணி மாதிரி இலை வந்திருக்கு,
பிரமிதான் அடங்கலை, வாரம் ஒருதரம் கிள்ளணும்
என்றேன்.
கிள்ளினதை என்ன பண்ணுவீங்க?
நட்டா அதுவும் வரும்.

மாவுக்கட்டுப் பிரிக்க வந்த அன்று
மாத்திரை டப்பாவில் நான்கு நுனி கொடுத்தேன்.
நத்தை இலவசம்.

நேற்று அந்துவான் கடையிலிருந்து திரும்பும்போது
சாவடி ஜன்னலில், பதிவேட்டுக்குப் பக்கத்தில்,
லேபிள் சுரண்டிய குவார்ட்டர் பாட்டில்.
பிடிபட்டதாய்த்தான் இருக்கும்.
உள்ளே பிரமி
கழுத்துவரை ஏறி
மூடியில்லாத வாயை முட்டி நிற்கிறது.
மேற்கு வெயில் நேராக விழுகிற ஜன்னல் அது,
பாசி பிடித்துவிடும்.
தள்ளி வைக்கணும், நுனி கிள்ளணும்.
சொல்லிவிட்டு வரலாமென்று
பையை மடியிலிருந்து இறக்கி எழுந்தேன்.
நேற்று யாரும்
பஸ்ஸை நிறுத்தவில்லை.